போர்ப் படம் எடுப்பவர் எங்கே நிற்க வேண்டும்?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இதழியல் கடைசி ஆண்டு படிக்கிறீர்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் லின்சி அடாரியோ போல ஒரு ஃப்ரீலான்ஸ் புகைப்பட இதழாளர், அதாவது எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்கு இல்லாமல் தனியாக இயங்குபவர், ஆக வேண்டும் என்று ஆசை. அவரைப் பற்றி எங்கே படித்தாலும் போர், இடப்பெயர்வு, பாலினம் என்று மூன்றையும் சேர்த்தே எழுதுகிறார்கள், இவை மூன்றும் வேறு வேறு வேலை இல்லையா, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டாமா என்று கேட்கிறீர்கள். அதோடு போகிற போக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: பெண் என்றால் பெண்கள் பிரச்சினைக்குத்தான் அனுப்புவார்கள், போருக்கு அனுப்ப மாட்டார்கள் என்று உங்கள் வகுப்பில் சொல்கிறார்களாம். எனக்கு அந்த வரிதான் உங்கள் உண்மையான கேள்வியாகப் படுகிறது. போர்தான் பெரிய செய்தி, பெண்களின் வாழ்க்கை அதன் ஓரத்தில் போடும் பெட்டிச் செய்தி என்ற எண்ணம் சரிதானா என்று கேட்கிறீர்கள்.

நான் போர்முனைக்குப் போய்ப் படமெடுத்த ஆள் இல்லை. பல வருடங்களாகப் பத்திரிகை அலுவலகத்தின் படப் பிரிவில் இருக்கிறேன். வெளியிலிருந்து வரும் படங்களைப் பார்ப்பது, தேர்ந்தெடுப்பது, அடிக்குறிப்பைச் சரிபார்ப்பது, அனுப்பியவரிடம் கேள்வி கேட்பது, எது அச்சுக்குப் போகக்கூடாது என்று சண்டை போடுவது, இதுதான் என் வேலை. ஆகவே குண்டுச் சத்தத்தில் கை எப்படி நடுங்கும் என்பதை என்னிடம் கேட்காதீர்கள். படம் கைக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது, ஃப்ரீலான்ஸாக இருப்பவருக்கு எங்கே பாதுகாப்பு இருக்கிறது, எங்கே இல்லை என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

நேரடியான பதில், அந்த எண்ணம் தவறு. துப்பாக்கி வெடிக்கும் இடம் போரின் ஒரு பகுதி மட்டும்தான். மீதிப் போர் வீட்டுக்குள், ஆஸ்பத்திரியில், படகில், முகாமின் பதிவு வரிசையில் நடக்கிறது. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். எனவே போரை முழுதாகப் படமெடுக்கப் புறப்படுகிறவர் தானாகவே இடப்பெயர்வுக்கும் பாலினத்துக்கும் வந்து சேருவார். வராதவர் பாதிப் போரைத்தான் எடுத்திருக்கிறார் என்பது என் கருத்து.

அடாரியோ விஷயத்திலேயே இது தெரியும். அவர் புகைப்படக் கலையைக் கல்லூரியில் படித்தவர் இல்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் படித்துவிட்டு, அர்ஜென்டினாவில் ஓர் ஆங்கில நாளிதழில் வேலையைத் தொடங்கினார். பிறகு டெல்லிக்கு வந்து தங்கினார். அங்கிருந்துதான் 2000-ஆம் ஆண்டு, தன் 26-வது வயதில், தாலிபான் ஆட்சியில் இருந்த ஆப்கானிஸ்தானுக்குப் போனார். அப்போது உலகம் அந்த நாட்டைக் கிட்டத்தட்ட மறந்திருந்தது. இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடக்க இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. உயிருள்ள எதையும் படமெடுக்கக்கூடாது என்பது தாலிபானின் சட்டம். அவர் கேமராவை மறைத்துக்கொண்டு பெண்கள் வார்டுகளுக்கும், வீடுகளுக்குள் ரகசியமாக நடந்த பள்ளிக்கூடங்களுக்கும் போனார். ஓர் ஆண் புகைப்படக்காரர் எவ்வளவு துணிச்சல்காரராக இருந்தாலும் அந்த அறைகளுக்குள் நுழைந்திருக்க முடியாது. உங்கள் வகுப்பில் ‘பெண்கள் பிரச்சினை’ என்று ஒதுக்குகிறார்களே, அதுதான் அன்றைக்கு ஆப்கானிஸ்தானின் முதன்மைச் செய்தி. அதை எடுத்துவர ஆளில்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு உதாரணம் போரே இல்லாத நேரத்தில் எடுத்தது. சியரா லியோனில் உள்நாட்டுப் போர் 1991-இல் தொடங்கி 2002-இல் முடிந்தது. துப்பாக்கிகள் ஓய்ந்துவிட்டன, வெளிநாட்டுச் செய்தியாளர்களும் கிளம்பிவிட்டார்கள். ஆனால் சிதைந்துபோன சுகாதார அமைப்பு அப்படியே கிடந்தது. பிரசவத்தில் தாய்மார்கள் இறப்பதில் உலகிலேயே மோசமான நாடுகளில் ஒன்றாக அது இருந்தது. 2010-இல் ‘டைம்’ இதழில் வந்த அடாரியோவின் படங்கள் அங்கே ஒரு அரசு மருத்துவமனையில் எடுக்கப்பட்டவை. 18 வயதுப் பெண், வயிற்றில் இரட்டைக் குழந்தை. ஒன்று கிராமத்திலேயே பிறந்துவிட்டது, இன்னொன்று வெளியே வரவில்லை. படகிலும் பிறகு வண்டியிலுமாக அவளை மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். இரண்டாவது குழந்தையும் பிறக்கிறது. அதன் பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. மருத்துவரைத் தேடித் தானே ஓடியதாகவும், அவர் வேறோர் அறுவை சிகிச்சையில் இருந்ததாகவும் அடாரியோ சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் இறந்துவிட்டாள். அந்தத் தொடரில் பயணம், பிரசவம், ரத்தம், அழும் உறவினர்கள் எல்லாமே வரிசையாக இருக்கும். ஒரு படத்திலும் துப்பாக்கி கிடையாது. ஆனாலும் அந்த மரணத்தில் எட்டு வருடம் முன்பு முடிந்த போருக்கும் பங்கு உண்டு.

அந்தப் படங்களால் என்ன நடந்தது என்று அடுத்துக் கேட்பீர்கள். இங்கேதான் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரிக்க வேண்டும். 2011-இல் மெர்க் மருந்து நிறுவனம் பிரசவ மரணங்களைக் குறைக்க 50 கோடி டாலர் திட்டம் ஒன்றை அறிவித்தது. இது உறுதி. அந்த முடிவுக்கு அடாரியோவின் படங்கள் ஒரு தூண்டுதல் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இருக்கலாம். ஆனால் அவ்வளவு பெரிய நிறுவனம் ஒரு படத் தொடரைப் பார்த்துவிட்டு மட்டும் 50 கோடி டாலரை எடுத்துவைக்கும் என்று நான் நம்பவில்லை. படங்கள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு பேச்சை வேகப்படுத்தும். தனியாக நின்று உலகத்தை மாற்றும் என்று யாராவது சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இடப்பெயர்வுக்கும் இதே கதைதான். 2015-இல் மட்டும் கடல் வழியாக கிரீஸுக்கு வந்தவர்கள் எட்டரை லட்சம் பேருக்கு மேல். லெஸ்போஸ் தீவின் கரையில் அந்த வருடம் புகைப்படக்காரர்கள் குவிந்து நின்றார்கள். ரப்பர் படகு, ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டை, தூக்கிக் கொடுக்கப்படும் குழந்தை என்று எங்கள் மேசைக்கு வந்த படங்களில் யார் எடுத்தது எது என்றே தெரியாத அளவுக்கு ஒரே மாதிரி இருந்தன. 2016 மார்ச்சில், கிரீஸிலிருந்து வடக்கே ஐரோப்பாவுக்குள் போகும் பால்கன் பாதை மூடப்பட்டதும் கூட்டம் கலைந்தது. வந்தவர்கள் கிரீஸின் முகாம்களில் மாட்டிக்கொண்டார்கள். அந்தக் கட்டத்தில்தான் அடாரியோ ‘டைம்’ இதழுக்காக, கிரீஸில் குழந்தை பெற்ற சிரிய அகதித் தாய்மார்கள் சிலரை எடுத்துக்கொண்டு, அந்தக் குழந்தைகளின் முதல் வருடம் முழுக்கப் பின்தொடர்ந்தார். கூடாரத்தில் பால்புட்டி கழுவுவது, எந்த நாடு ஏற்கும் என்று காத்திருப்பது, கிடைத்த நாடு பிடிக்காமல் போவது இதெல்லாம் ஒரு நாள் போய் எடுத்துவிடக்கூடிய படங்கள் இல்லை. செய்தி நிறுவனத்தின் சம்பளக்காரர் அன்றன்றைக்குப் படம் அனுப்பியாக வேண்டும். ஒரே குடும்பத்தோடு மாதக்கணக்கில் இருக்கும் சுதந்திரம் ஃப்ரீலான்ஸருக்குத்தான் உண்டு, அந்தக் காலத்துக்குப் பணம் தர ஒருவர் கிடைத்தால்.

பெண் என்பது இந்த வேலையில் பலமா பலவீனமா என்பதைப் பற்றி. கதவுகள் திறப்பது உண்மை, ஆப்கானிஸ்தான் அதற்குச் சாட்சி. ஆபத்து கூடுவதும் உண்மை. 2011 மார்ச்சில் லிபியாவின் அஜ்தாபியா அருகே ஒரு சோதனைச் சாவடியில் ‘நியூயார்க் டைம்ஸ்’ குழுவினர் நால்வர் கடாபி படையிடம் சிக்கினார்கள். அடாரியோ அதில் ஒருவர். நால்வரும் கட்டப்பட்டார்கள், அடிக்கப்பட்டார்கள். அவரிடம் கூடுதலாகப் பாலியல் அத்துமீறலும் நடந்தது, அதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஆனால் பெண்ணுக்கென்று ஒரு மென்மையான ‘பெண் பார்வை’ உண்டு, அதனால் படமே வேறு மாதிரி வரும் என்ற பேச்சு எனக்குச் சந்தேகம்தான். கேத்தரின் லெரோயைப் பாருங்கள். 1966-இல் 21 வயதில் ஒரு லைக்கா கேமராவுடன் பாரிஸிலிருந்து, வியட்நாம் போரைப் படமெடுக்க, சைகோனுக்குப் போன ஃப்ரீலான்ஸர். அடுத்த வருடமே அமெரிக்க வான்குடைப் படையோடு சேர்ந்து போர்க்களத்தில் குதித்தார். மலையுச்சிச் சண்டையில் இறந்துகொண்டிருக்கும் தோழனின் நெஞ்சில் காதை வைத்துத் துடிப்பைத் தேடும் படை மருத்துவ உதவியாளனின் படங்கள் அவர் எடுத்தவை. பெயரை மறைத்துவிட்டு எடுத்தவர் ஆணா பெண்ணா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. அடாரியோவும் 2007-இல் ஆப்கானிஸ்தானின் கோரெங்கல் பள்ளத்தாக்கில் அமெரிக்கத் துருப்புகளோடு மலை ஏறி இறங்கியவர்தான். போருக்கு அனுப்ப மாட்டார்கள் என்ற பேச்சுக்கு இந்த இரண்டு பேரும் போதும்.

சரி, இனி ஃப்ரீலான்ஸ் என்ற சொல்லுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் இதைப் பற்றி ஒன்றுமே இல்லை என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அடாரியோ ஃப்ரீலான்ஸர் என்றாலும், இன்றைக்கு அவர் போகும்போது பின்னால் ஒரு பெரிய பத்திரிகையின் அசைன்மென்ட், அதாவது அவர்களே ஒப்படைத்து அனுப்பும் வேலை, இருக்கும். வாகனம், காப்பீடு, சிக்கிக்கொண்டால் தூதரகங்களோடு பேசுவதற்கு ஆட்கள், எல்லாம் அதில் வரும். லிபியாவில் ஆறே நாளில் விடுதலை கிடைத்ததற்கு இது முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். இன்னொரு வகை ஃப்ரீலான்ஸர் தன் சொந்தக் காசில் எல்லை தாண்டிப் போய், படத்தை எடுத்துவிட்டு, வாங்குவார்களா என்று மின்னஞ்சல் அனுப்புகிறவர். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். நிலைமை வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம். சிரியப் போரின்போது இந்த இரண்டாவது வகையினர் ஏராளமாகப் போனார்கள். 2013-இல் லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ சிரியாவிலிருந்து ஃப்ரீலான்ஸ் படங்களை வாங்குவதில்லை என்று சொன்னது. வாங்கினால் அபாயத்தை ஊக்குவித்ததாகிவிடும் என்பது அவர்கள் நியாயம். 2014 ஆகஸ்டில், சிரியாவில் கடத்தப்பட்டிருந்த அமெரிக்க ஃப்ரீலான்ஸர் ஜேம்ஸ் ஃபோலி கொல்லப்பட்டார். அடுத்த மாதம் ஏ.எஃப்.பி. என்ற பிரெஞ்சுச் செய்தி நிறுவனமும், எங்கள் ஆட்கள் போகாத இடத்துக்குப் போகிற ஃப்ரீலான்ஸரின் படம் எங்களுக்கு வேண்டாம் என்று அறிவித்தது. 2015-இல் பல நிறுவனங்கள் சேர்ந்து ஃப்ரீலான்ஸர் பாதுகாப்புக்கான நெறிகளை வெளியிட்டன. தன் ஊழியருக்குக் காட்டும் அதே அக்கறையை ஃப்ரீலான்ஸருக்கும் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். நெறி நல்ல நெறிதான். கடைப்பிடிப்பது ஆளுக்கு ஆள் மாறும். எனவே எந்த ஆசிரியராவது, போய்ட்டு வாங்க, நல்லா இருந்தா பார்க்கலாம் என்று சொன்னால், எழுத்தில் ஒரு வரி கூட இல்லாமல் கிளம்பாதீர்கள். அந்த வாக்கியத்தில் அவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை.

முதலுதவியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ராட்டாவில் டிம் ஹெதரிங்டன், கிறிஸ் ஹாண்ட்ராஸ் என்ற இரண்டு புகைப்படக்காரர்கள் குண்டுவீச்சில் இறந்தார்கள். ஹெதரிங்டன் தொடைப்பகுதிக் காயத்திலிருந்து ரத்தம் வெளியேறி, மருத்துவமனைக்குப் போகும் வழியில் இறந்தார். பக்கத்தில் இருந்தவர்களுக்கு ரத்தத்தைக் கட்டுப்படுத்தத் தெரிந்திருந்தால் அவரைக் காப்பாற்ற வாய்ப்பு இருந்திருக்கலாம் என்று அறிந்த அவருடைய நண்பர், எழுத்தாளர் செபாஸ்டியன் யுங்கர், ஃப்ரீலான்ஸர்களுக்குப் போர்க்கள முதலுதவி கற்றுத்தர ‘ரிஸ்க்’ (RISC) என்ற அமைப்பைத் தொடங்கினார். லென்ஸ் வாங்கக் காசு சேர்க்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு முன்னால் டூர்னிக்கே எனப்படும் இறுக்குப்பட்டை ஒன்றை வாங்கி, ஒரு கையால் உங்கள் காலிலேயே கட்டப் பழகுங்கள்.

அப்புறம் உங்கள் கூட வருகிறவர். வெளிநாட்டுப் புகைப்படக்காரர் எங்கே போனாலும் உள்ளூரில் ஒருவர் வழிகாட்டுவார், மொழிபெயர்ப்பார், வண்டி ஓட்டுவார். ஃபிக்சர் என்பார்கள். லிபியாவில் நான்கு செய்தியாளர்களும் உயிரோடு திரும்பினார்கள், அவர்களுடைய ஓட்டுநர் திரும்பவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு பாகிஸ்தானில் நடந்த கார் விபத்திலும் அடாரியோ எலும்பு முறிவோடு தப்பினார், ஓட்டுநர் இறந்தார். விருதுப் பட்டியலில் இவர்கள் பெயர் வராது. காப்பீட்டிலும் பல சமயம் வராது. நீங்கள் யாரையாவது கூப்பிட்டுக்கொண்டு போனால், அவருக்கும் குண்டு துளைக்காத சட்டை இருக்கிறதா, அவர் குடும்பத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டு முடித்துவிட்டுப் பிறகு கேமராவை எடுங்கள். இந்த விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்வதில்லை.

அடுத்து, முகத்தைக் காட்டுவதா வேண்டாமா என்பது. எங்கள் மேசையில் அதிகமாகச் சண்டை நடப்பது இதில்தான். பாலியல் வன்முறைக்கு உள்ளானவரை அடையாளம் காட்டுவது இந்தியாவில் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 228-ஏ, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவு. ஆனால் வெளிநாட்டில் எடுத்த படத்துக்கு வேறு அளவுகோல் வைக்கும் பழக்கம் உலகம் முழுக்க இருந்தது. காங்கோ பெண்ணின் முகத்தை முழுதாகப் போடுவார்கள், தன் நாட்டுப் பெண்ணின் முகத்தை மறைப்பார்கள். 2017-இல் ஒரு சர்வதேசப் புகைப்படப் போட்டியின் விளம்பரத்துக்கு, கொல்கத்தாவின் பாலியல் தொழில் பகுதியான சோனாகாச்சியில் ஒரு சிறுமி மீது வன்கொடுமை நடக்கும்போதே எடுத்த படத்தை, அவள் முகம் தெரியும்படி பயன்படுத்தினார்கள். கண்டனம் வெடித்த பிறகுதான் அதை நீக்கினார்கள். முகத்தை மறைத்தால் மட்டும் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை எங்களுக்கு ஒரு பெண்கள் காப்பகத்திலிருந்து வந்த படத்தில் அந்தப் பெண்ணின் முகம் நிழலில்தான் இருந்தது. மேசையில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், பின்னால் மாட்டியிருந்த காலண்டரில் ஒரு மளிகைக் கடையின் பெயரும் ஊரும் தெளிவாக இருந்தன. அவளுடைய கையில் பச்சை குத்தியிருந்த பெயரும் தெரிந்தது. கோப்புக்குள் ஜி.பி.எஸ். இடக்குறியும் அப்படியே இருந்தது. தேடி வருகிற கணவனுக்கோ கும்பலுக்கோ இதில் ஏதாவது ஒன்று போதும். படமெடுத்தவர் நல்ல மனிதர், அக்கறையானவர். முகத்தை மட்டும் யோசித்திருந்தார்.

இதற்கு நேர்மாறான ஒரு படம், முகத்தை மறைக்காமல் போட்டது சரி என்று நான் நினைக்கும் படம். 2022 மார்ச் 6, உக்ரைனின் இர்பின். உடைந்த பாலத்தைத் தாண்டிக் கீவ் பக்கம் மக்கள் தப்பி ஓடிவரும் பாதையில் மோர்ட்டார் குண்டு விழுகிறது. அடாரியோ மிக அருகில் இருந்தார். ஒரு தாய், அவருடைய இரண்டு பிள்ளைகள், அவர்களைக் கூட்டிவந்த தேவாலயத் தொண்டர், நான்கு பேர் சாலை ஓரத்தில் கிடக்கிறார்கள். தொண்டருக்கு மட்டும் நாடித் துடிப்பு இருந்தது, பிறகு அவரும் இறந்தார். பக்கத்தில் நீல நிறச் சக்கரப்பெட்டி, முதுகுப்பைகள், நாய்க்குட்டியை வைத்துத் தூக்கும் பச்சைக் கூடை. மறுநாள் ‘நியூயார்க் டைம்ஸ்’ முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டது. பொதுமக்களைத் தாக்கவில்லை என்று ரஷ்யா சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. படமெடுத்தவரே நேரில் கண்ட சாட்சி. அந்தச் சூழ்நிலையில் முகத்தை மங்கலாக்கியிருந்தால் சாட்சியம் பலவீனப்பட்டிருக்கும். ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. கிழக்கு உக்ரைனில் இருந்த கணவர், ட்விட்டரில் வந்த படத்தில் அந்தப் பெட்டியையும் பைகளையும் அடையாளம் கண்டுதான் தன் குடும்பம் போய்விட்டதைத் தெரிந்துகொண்டார். படம் வெளியானது நியாயம் என்று நான் சொல்லும்போதே இதையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும். எல்லாப் படத்துக்கும் பொருந்தும் விதி ஒன்று இருப்பதாக யாராவது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தால், அவர் இப்படி ஒரு முடிவை ராத்திரி அச்சுக்கு முன்னால் எடுத்ததில்லை என்று அர்த்தம்.

கடைசியாக, எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். உக்ரைனுக்கோ சூடானுக்கோ டிக்கெட் பார்க்க வேண்டாம். 2009-இல் வன்னியில் நடந்த இறுதிப் போருக்குள் சுயாதீனச் செய்தியாளர்களை விடவில்லை. உள்ளே மாட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் எடுத்த படங்கள்தான் இன்றைக்கும் சாட்சி. அந்தப் போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் உட்கார்ந்து தொடங்கிய போராட்டத்தில், மகனின் பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் பெரிதாக்கி மடியில் வைத்திருந்தார்கள். 2022 மார்ச்சில் இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் தப்பி வந்த குடும்பங்கள் தனுஷ்கோடிக்கு அப்பால் மணல்திட்டில் குழந்தைகளோடு இறக்கிவிடப்பட்டார்கள். மீட்கப்பட்ட அன்றைக்கு எல்லா ஊடகமும் இருந்தது. பிறகு மண்டபம் முகாமில் அந்தப் பெண்களின் நாட்கள் எப்படிப் போயின என்பதற்கு என் மேசைக்கு வந்த படங்கள் மிகக் குறைவு. போர், இடப்பெயர்வு, பாலினம் மூன்றும் உங்களுக்குத் தெரிந்த மொழியில், ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருக்கின்றன. முகாமுக்குள் போக அனுமதி வாங்குவது கஷ்டம், மாவட்ட நிர்வாகத்துக்குப் பலமுறை அலைய வேண்டியிருக்கும். முகாமுக்கு வெளியே கூலி வேலைக்கு வருகிறவர்களிடம் பேசுவதிலிருந்து தொடங்கலாம். முதல் சில சந்திப்புகளில் கேமராவைப் பையிலேயே வைத்திருங்கள். படம் எங்கே வரும், யார் பார்ப்பார்கள், இலங்கையில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அதனால் தொந்தரவு வருமா என்று அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். வேண்டாம் என்று பிறகு மனம் மாறினால் நீக்கிவிடுவேன் என்று சொல்லி, உங்கள் எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள். சில மாதம் கழித்துப் படங்கள் சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள். நல்லதாகப் பொறுக்கி எடுத்த பத்து வேண்டாம், எடுத்த வரிசையில் எல்லாவற்றையும் அனுப்புங்கள். எங்கே நின்றீர்கள், எப்போது கிளம்பினீர்கள் என்பது அதில்தான் தெரியும்.